இருபத்தெட்டு போடுங்கள்

மூன்றாம் நம்பர் ஜன்னலுக்கு ஆள் வர இன்னும் நேரமாகும், அக்கா. டீக்குப் போயிருக்கிறார். நான் எட்டரையிலிருந்து இந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறேன். இந்தப் பல்கலைக்கழக ஆபீசில் யார் எப்போது எழுந்து போவார்கள், எப்போது திரும்புவார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. நீங்கள் மார்க் ஷீட்டுக்கா? மகனுக்கா. அவர் வெளியூரில் வேலையில் இருக்கிறார், அவருக்காக நீங்கள் வந்திருக்கிறீர்கள். நல்லது.

எதிரே மூடியிருக்கிற கதவு தெரிகிறதா, அதுதான் விசாரணை அறை. பரீட்சையில் தப்பு செய்தவர்களைக் கூப்பிட்டு விசாரிக்கிற இடம். உள்ளே ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். காலையிலிருந்து ஐந்து பேர் போய் வந்துவிட்டார்கள், ஆறாவது ஆள் இப்போது உள்ளே இருக்கிறார். ஒரு பையன் அழுதுகொண்டு வந்தான். அவனுடைய அப்பா அவனுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்து படியிறங்கிப் போய்விட்டார், அவன் வருகிறானா என்றுகூடப் பார்க்கவில்லை. நான் ஏழாவது.

நான் பிட் அடிக்கவில்லை, அக்கா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கேட்டதும் எழுந்து போய்விடாதீர்கள். உள்ளே கூப்பிடும்போது பெற்றோரோ காப்பாளரோ யாராவது ஒருவர் கூட வர வேண்டுமாம். நான் யாரையும் கூட்டிக்கொண்டு வரவில்லை. நீங்கள் என் சித்தி என்று சொல்லி உள்ளே வந்து பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். யாரும் வரவில்லையென்றால் இன்னொரு தேதி போட்டு, என் விடைத்தாளின் கடைசிப் பக்கத்தை நகலெடுத்து வீட்டு விலாசத்துக்கே ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிடுவார்கள் என்று அந்த கிளார்க் சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார். அது வீட்டுக்குப் போனால் என் படிப்பு அன்றைக்கே முடிந்தது. இரண்டு முறை எழுந்து பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பி வந்தேன். பிறகு நீங்கள் வந்தீர்கள். கண்ணாடி, கையில் ஃபைல். பார்த்தால் நம்புவார்கள்.

யோசிக்கிறீர்கள். யோசியுங்கள். என்ன நடந்தது என்று சொல்கிறேன், கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். 

என் பெயர் மாரீஸ்வரி. சாத்தூர் பக்கம். பி.எஸ்ஸி. கணிதம், மூன்றாம் வருடம். வீட்டில் அம்மா, அண்ணன், மதினி, அவர்களுடைய ஒன்பது மாதப் பாப்பா, நான். அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறாள். அண்ணன் லோடு வண்டி ஓட்டுகிறான். எல்லாரும் நல்லவர்கள், அக்கா. அதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே இருக்கிறவர்கள் வீட்டில் கொடுமையா, அடிக்கிறார்களா என்று கேட்பார்களாம். அப்படியெல்லாம் எதுவும் இல்லை. நான் படிக்கக் கூடாதென்று எங்கள் வீட்டில் யாரும் ஒரு நாளும் சொன்னதில்லை.

காலையில் எழுந்ததும் புத்தகத்தை எடுப்பேன். அம்மா பார்த்துவிட்டு, "படி படி, நல்லாப் படி. அந்த அரிசிய மட்டும் களைஞ்சு வச்சிரு" என்பாள். களைந்து வைப்பேன். அண்ணன் குளித்துவிட்டு வந்து, "பரீட்சையா? எழுது எழுது" என்று சொல்லித் தன் சட்டையை என் பக்கம் போடுவான், தேய்க்க. எட்டு நாளைக்கு ஒருமுறை நல்ல தண்ணீர் வரும். அது வருகிற நாள் எப்போதும் இன்டர்னல் டெஸ்ட் நாளாகத்தான் இருக்கும். ஒரு பஸ் போய் அடுத்த பஸ் பிடித்தால் முதல் பீரியட் போய்விடும். இப்படி நாற்பது முதல் பீரியட் போனதில் வருகைப் பதிவு குறைந்து, அபராதம் கட்டித்தான் பரீட்சையே எழுத முடிந்தது. அதையும் அண்ணன்தான் கட்டினான். ஒரு வார்த்தை திட்டவில்லை.

சாயங்காலம் பாப்பா. மதினிக்குப் பிரசவத்துக்குப் பிறகு இடுப்பு வலி, பாவம், அவளால் குனிய முடியாது. அதனால் தொட்டில் என் பொறுப்பு. நான் தொட்டிலில் படிக்கப் பழகிக்கொண்டேன், அக்கா. ஒரு தேற்றத்தை வரி வரியாகப் பிரித்து, தொட்டில் ஒரு முறை போய்த் திரும்ப ஒரு வரி. பாப்பா தூங்குவதற்குள் நிரூபணம் முடிந்துவிடும். சீக்கிரம் தூங்கிவிட்டால் எனக்குப் பாதியில் நிற்கும். கோஷி தேற்றம் என்று ஒன்று இருக்கிறது. மூடிய பாதையில் சுற்றிக் கிளம்பின இடத்துக்கே வந்தால் கடைசியில் விடை பூஜ்யம். மதினியிடம் சொன்னேன். "இதுக்கா காலேஜுக்குப் போற? நானும் அடுப்படியத்தான் சுத்தி வாரேன், எனக்கும் அதேதான் வருது" என்றாள். சிரித்தோம். அவளும் பன்னிரண்டாவது வரை படித்தவள்தான்.

மதினிக்கு ஒரு தம்பி, சுடலைமணி. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். போன தைப்பொங்கலுக்கு வந்தவர் என்னைப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு பெரியவர்கள் பேசினார்கள். என்னையும் கேட்டார்கள். கேட்காமல் இல்லை. நான் பாப்பாவுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன், சும்மா இருந்தேன். சும்மா இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். எங்கள் பக்கம் அப்படித்தான். அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. தண்ணியடிக்க மாட்டார், அதிர்ந்து பேச மாட்டார். அவசரப்படுத்தக்கூட இல்லை. அவரேதான் சொன்னார், "படிச்சு முடிக்கட்டும், அதுவரைக்கும் நான் காத்திருக்கேன்" என்று.

எல்லாரும் அவரை எவ்வளவு மெச்சினார்கள் தெரியுமா. ஜெபசெல்வி என்று என் சிநேகிதி, அவளே, "இந்தக் காலத்துல யாருடி இப்பிடிச் சொல்லுவா" என்றாள். நான் மட்டும் விரல் விட்டு எண்ணினேன். ஐந்தாவது செமஸ்டர் முடிந்திருந்தது. மீதி ஒன்று. அதில் ஐந்து பேப்பர். ஆனியில் ரிசல்ட், ஆவணியில் முகூர்த்தம். நான் நன்றாகப் படிக்கப் படிக்க அது கிட்டே வந்துகொண்டிருந்தது.

ஏன் எழுந்து பார்க்கிறீர்கள்? ஜன்னல் இன்னும் திறக்கவில்லை. திறந்தால் நான் சொல்கிறேன், உட்காருங்கள்.

உங்களிடம் ஒன்று சொன்னால் சிரிக்கக் கூடாது. எனக்குப் பரீட்சை பிடிக்கும், அக்கா. மற்றவர்களெல்லாம் ஹால் வாசலில் கடைசி நிமிடம்வரை நோட்டைப் புரட்டிக்கொண்டு நிற்பார்கள், நான் எப்போது கதவு திறக்கும் என்று நிற்பேன். மூன்று மணி நேரம். என் நம்பர் எழுதின ஒரு பெஞ்ச். அங்கே என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள், கூப்பிட்டால் தப்பு. அந்தோணியம்மா என்று ஒருவர் எங்கள் காலேஜில் ஹாலில் தண்ணீர் கொடுப்பார். கையைத் தூக்கினால் போதும், சொம்போடு வந்து என் பக்கத்தில் நின்று, நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து டம்ளரை வாங்கிக்கொண்டு போவார். முதல் செமஸ்டரில் தாகமே இல்லாமல் நான்கு முறை கை தூக்கினேன். மேற்பார்வை பார்த்த மேடம் சந்தேகப்பட்டு என் ஸ்கேலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அன்றைக்குக் கடைசிப் பேப்பர். காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ். இதில் தோற்றுவிட வேண்டும் என்று முடிவெடுத்துத்தான் போனேன். ஒரே ஒரு அரியர். ஒரு பேப்பர் நின்றால் கார்த்திகையில் மறுபடி எழுத வேண்டும், அதுவரை படிப்பு முடியவில்லை. முடியாவிட்டால் ஆவணி தள்ளிப் போகும். அவரே சொன்ன வார்த்தைதானே. யாரையும் எதிர்த்துப் பேச வேண்டாம், யார் மனதும் நோகாது.

வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாமே என்றுதான் கேட்கப் போகிறீர்கள். எங்கள் துறைத் தலைவரும் அதைத்தான் கேட்டார். அப்படி நினைத்துத்தான் போனேன், அக்கா. அரை மணி நேரம் பேனா மூடியைக்கூடத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஆனால் கேள்வித்தாள் எதிரே இருக்கிறது. எல்லாம் தெரிந்த கேள்வி. பத்து மதிப்பெண் கேள்வி ஒன்று, நான் தொட்டிலாட்டிக்கொண்டே படித்தது. எத்தனையோ நாள் பாதியில் நின்றது. முதல் வரியை மட்டும் எழுதிப் பார்ப்போம் என்று எழுதினேன். பிறகு நான் நிறுத்தவில்லை. அந்தோணியம்மா வந்து நின்றதுகூடத் தெரியாது. எழுபத்தைந்துக்கு எழுபதாவது வரும், அக்கா. எனக்குத் தெரியும். கணக்கில் எழுதும்போதே தெரிந்துவிடும்.

மணி அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. மீதமிருக்கிற வெற்றுப் பக்கங்களைக் குறுக்கே கோடு போட்டு அடித்துக் கொடுக்க வேண்டும், அதுதான் விதி. ஏழு பக்கம் மிச்சம். ஒவ்வொன்றாக ஸ்கேல் வைத்து அடித்துக்கொண்டு வந்தேன். ஆறு அடித்தாயிற்று. ஏழாவது பக்கத்தில் ஸ்கேலை வைத்ததும் கை ஓடவில்லை. இதை அடித்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று தோன்றியது. எழுதியதையெல்லாம் அடித்துவிடலாமா என்று முதல் பக்கத்துக்குத் திருப்பினேன். மனசு வரவில்லை. அவ்வளவு அழகாக வந்திருந்தது. எழுதின நான் எப்படி அடிப்பது? அதனால் திருத்துகிறவரிடமே கேட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

என்ன எழுதினேன் என்றால், எனக்கு வரி மாறாமல் நினைவிருக்கிறது: "மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா அவர்களுக்கு. இந்தத் தாளில் நான் எழுதியவை எல்லாம் சரியானவை. ஆனாலும் தயவுசெய்து இருபத்தெட்டு மதிப்பெண் போடுங்கள். நான் தேர்ச்சி பெற்றால் என் படிப்பு முடிந்துவிடும். எங்கள் வீட்டில் யாரிடமும் இதைச் சொல்ல முடியவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன். இப்படிக்கு, உங்கள் மாணவி."

முப்பது எடுத்தால் பாஸ். பதினைந்து இருபது என்று போடச் சொன்னால் அந்த விடைகளுக்கு மரியாதை இல்லை. அதனால் இருபத்தெட்டு.

விடைத்தாளின் முதல் பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறது, மதிப்பெண் கேட்டு வேண்டுகோள் எதுவும் எழுதக் கூடாதென்று. ஆறு செமஸ்டராக அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன். நான் மதிப்பெண் கேட்கவில்லையே, குறைக்கத்தானே கேட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். ஜெபசெல்வியிடம் அப்புறம் சொன்னபோது அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "எங்க அத்தை மகன் 'ஐயா எனக்குப் பாஸ் போடுங்க, இல்லேன்னா வேலை போயிரும்'னு எழுதினான். இன்னொருத்தி சாமி படம் வரைஞ்சா. ஃபெயில் போடுன்னு எழுதின ஒரே லூசு நீதாண்டி" என்றாள். 

எனக்கு அந்தத் திருத்தினவர் மேல்தான் ஆத்திரம், அக்கா. இஷ்டமிருந்தால் இருபத்தெட்டு போட்டிருக்கலாம். இல்லையென்றால் எழுபதே போட்டுத் தொலைத்திருக்கலாம். நான் விதியென்று இருந்திருப்பேன். படித்துவிட்டு மேலே அனுப்பிவிட்டாரே. நான் எழுதியதை முழுசாகப் படிக்கிற ஒரே ஆள் அவர்தானே, என்னை அவருக்குத் தெரியும் என்று நினைத்தேன். மூன்று வருடமாக நம்பரைப் பார்த்துத் திருத்துகிறவர்களுக்கு ஒரு முகம்கூட வைத்திருந்தேன். கண்ணாடி போட்ட ஒரு அம்மா. ஏனோ அம்மாவாகத்தான் தோன்றும்.

ரிசல்ட் வந்த அன்று எல்லாருக்கும் மதிப்பெண், எனக்கு மட்டும் 'நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது'. வீட்டில் இன்னும் ரிசல்ட் வரவில்லையென்று சொல்லி வைத்திருக்கிறேன். காலேஜுக்கு வந்த ஓலையைத் துறைத் தலைவர் என் கையில் கொடுத்து, "அம்மாவைக் கூட்டிட்டுப் போ" என்றார். சரி என்றேன். இன்றைக்கு டி.சி. வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். டி.சி. என்றதும் அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நெற்றியில் திருநீறு பூசி அனுப்பினாள்.

கமிட்டியில் மனது வைத்தால் இந்த ஒரு பேப்பரை மட்டும் ரத்து செய்வார்களாம். அது நடந்தால் நான் கேட்டதுதான். கோபப்பட்டால் ஐந்து பேப்பரையும் ரத்து செய்து, அடுத்த வருடமும் எழுத விடமாட்டார்கள். அது வீட்டுக்குத் தெரிந்தால், "போதும்மா, நீ படிச்சது" என்று அண்ணன் அன்பாகத்தான் சொல்வான். ஆவணி வரைக்கும்கூடக் காத்திருக்க மாட்டார்கள்.

அம்மாவிடம் நேராகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். சொன்னேன், அக்கா. சொல்லாமல் இல்லை. மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை. அம்மா வீட்டில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒட்டினேன். முப்பது நாற்பது பெட்டி ஒட்டின பிறகு, "எம்மா, எம்.எஸ்ஸி. ரெண்டு வருசந்தான்" என்றேன். அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "படிச்சா நல்லதுதான்" என்றாள். நான் ஒட்டுவதை நிறுத்தினேன். அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தேன். பாப்பா அழுதது. "ஏட்டி, அவளைக் கொஞ்சம் தூக்கு" என்றாள். தூக்கினேன். திரும்பி வந்தபோது அம்மா பசைச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்க எனக்குத் தெரியவில்லை. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பேன். நல்லதுதான் என்று சொல்கிறவளிடம் என்ன கேட்பது?

யாரிடமும் சொல்ல முடியவில்லை என்று நான் எழுதியிருக்கிற அந்த வரி இருக்கிறதே, அதை அண்ணன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினால் அவள் திட்ட மாட்டாள். அன்றைக்குச் சாப்பிட மாட்டாள். அவ்வளவுதான். அதை என்னால் பார்க்க முடியாது. மற்றபடி எனக்கு ஒரு பயமும் இல்லை.

ஆமாம், அரியர் இருந்தால் எம்.எஸ்ஸி.யில் சேர்க்க மாட்டார்கள். தெரியும், அக்கா. எல்லாரும் இதை எனக்குப் புதிதாகச் சொல்கிறார்கள். பாஸானால் கல்யாணம், ஃபெயிலானால் எம்.எஸ்ஸி. இல்லை. நானும் கணக்குப் படித்தவள்தான், இரண்டு பக்கமும் போட்டுப் பார்த்துவிட்டேன். அடுத்த படிப்பு கிடைக்காவிட்டால் பரவாயில்லை, இந்தப் படிப்பாவது முடியாமல் இருக்கட்டும். கார்த்திகையில் அந்த ஹாலில் இன்னொரு மூன்று மணி நேரம். அதற்குப் பிறகு என்ன என்று கேட்காதீர்கள், அதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. 

கதவு திறக்கிறது. ஆறாவது ஆள் வெளியே வந்துவிட்டார். கிளார்க் இந்தப் பக்கம்தான் வருகிறார், கையில் ஏதோ தாள்.

நான்தான் சார் மாரீஸ்வரி.

கூட யார் என்று கேட்கிறார். அக்கா.

வாங்கிக்கொண்டீர்கள். நீங்களே கையை நீட்டி அந்தத் தாளை வாங்கிக்கொண்டீர்கள். இருங்கள், கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன். இனிமேல் அக்கா என்று வாய் தவறிக் கூப்பிட்டுவிடக் கூடாது. சித்தி. சித்தி. சரியாக வருகிறது.

என்ன தாள் அது? காப்பாளர் விளக்கக் கடிதமா. கூட வந்தவர் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே வர வேண்டும், ஐந்து நிமிடத்தில். இதை அவர் முன்னாலேயே சொல்லவில்லை. எழுதுங்கள் சித்தி. என் பேனாவைப் பிடியுங்கள், உங்களுடையது திட்டுத் திட்டாக எழுதுகிறது.

பெயர். உங்கள் பெயர் எனக்குத் தெரியாதே. மங்கையர்க்கரசியா. நல்லவேளை, கேட்டுவைத்தேன். உறவு, சித்தி. மாணவி செய்த தவறு தங்களுக்குத் தெரியுமா என்று இருக்கிறதா? தெரியும் என்று எழுதுங்கள். இப்போது தெரியும்தானே. இனி இப்படி நடக்காமல் பார்த்துக்கொள்வேன். ஆமாம், போடுங்கள்.

கடைசியில் என்ன? மாணவியின் மேற்படிப்பு பற்றிக் குடும்பத்தாரின் எண்ணம். மூன்று வரி விட்டிருக்கிறார்கள்.

என்னையா கேட்கிறீர்கள்? நீங்கள்தானே சித்தி, நீங்கள் எழுதுங்கள். எனக்கு எப்படித் தெரியும்?

சரி. நான் சொல்கிறேன். மெதுவாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். 'எங்கள் மாரீஸ்வரிக்கு மேலே படிக்க வேண்டும் என்று ஆசை. அவள் படிக்கட்டும். வீட்டு வேலைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கல்யாணத்துக்கு இப்போது அவசரமில்லை.' அவ்வளவு போதும். இடமும் அவ்வளவுதான் இருக்கிறது. கையெழுத்து கீழே.

என் பெயரைக் கூப்பிடுகிறார். கூப்பிடட்டும், ஒரு நிமிடம் நிற்பார்கள். பிழை இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? ஒரு முறை வாசித்துக் காட்டுங்கள் சித்தி. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி வேண்டாம். கொஞ்சம் சத்தமாக.

ம்.

அந்த இரண்டாவது வரியை மட்டும் இன்னொரு தடவை.